டிடிஎஸ் 140 காட்டினா நல்ல தண்ணியா?

போன எபிசோடுக்கு அப்புறம் வந்த வாய்ஸ் மெசேஜ்கள்ல நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "வீட்டுத் தண்ணியில டிடிஎஸ் எவ்வளவு இருக்கணும்? எங்க ஆர்ஓ 40 காட்டுது, நல்லதா?" ஒரு வரியில பதில் சொல்லிட்டுப் போயிருக்கலாம். ஆனா அந்த நம்பரை நம்பி எங்க வீட்ல நானே ஒரு பெரிய தப்பு பண்ணியிருக்கேன். அதனால இன்னைக்கு முழு எபிசோடும் இதுதான். ஒரு தண்ணியில ஒரு பொருள் எவ்வளவு கரைஞ்சிருக்குன்னு எப்படி அளக்கிறோம், அந்த அளவு எதைச் சொல்லுது, எதைச் சொல்லாது.

எங்க வீடு திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம். தாமிரபரணிக்கு நடந்து போற தூரம். வீட்ல ரெண்டு குழாய். ஒண்ணு ஆத்துத் தண்ணி, இன்னொண்ணு போர் தண்ணி. குடிக்க, சமைக்க ஆத்துத் தண்ணி, மத்ததுக்கெல்லாம் போர். நான் வேலைக்காக சென்னையில இருக்கேன். 2023 நடுவுல ஒருநாள் அம்மா போன் பண்ணாங்க. குரல்லயே பயம் தெரிஞ்சது.

"ஏ ஐயா, நம்ம ஆத்துத் தண்ணியில இம்புட்டு அழுக்கா இருக்கு? ஒருத்தர் வந்து கரண்டு வச்சுக் காட்டுனாரு. நம்ம தண்ணி காவிக் கலர்ல கலங்கிட்டு. அவரு கொண்டாந்த தண்ணி கண்ணாடி மாதிரி அப்படியே இருந்துட்டு."

ஆர்ஓ மெஷின் விக்க வந்தவர். விலை 18,000 ரூபாய். அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து அட்வான்ஸ் கொடுக்கத் தயாரா இருந்தாங்க.

அந்தக் காவி எங்கிருந்து வந்தது?

இந்த டெமோவை உங்கள்ல பல பேர் பாத்திருப்பீங்க. ரெண்டு டம்ளர், ஒவ்வொண்ணுலயும் ரெண்டு உலோகக் கம்பி, சுவிட்ச் போட்டா ரெண்டு நிமிஷத்துல ஒரு டம்ளர் மட்டும் சாக்கடை மாதிரி ஆயிடும்.

நடக்கிறது இதுதான். கம்பிகள்ல ஒண்ணு இரும்பு, இன்னொண்ணு பெரும்பாலும் அலுமினியம். சாதாரணத் தண்ணியில கால்சியம், மெக்னீசியம், சோடியம், குளோரைடு மாதிரி உப்புகள் அயனிகளாக் கரைஞ்சிருக்கும். அயனி இருந்தா கரண்ட் பாயும். கரண்ட் பாஞ்சா இரும்புக் கம்பி கரையும். கரைஞ்ச இரும்புதான் துருவா மாறி காவி நிறத்துல மிதக்குது. ஆர்ஓ தண்ணியில அயனி ரொம்பக் குறைவு. கரண்ட் சரியாப் பாயாது, கம்பி கரையாது, தண்ணி தெளிவாவே இருக்கும். அதாவது அந்த அழுக்கு தண்ணியில இருந்தது இல்லை. கம்பியில இருந்து வந்தது.

அம்மாகிட்ட ஒண்ணு சொன்னேன். "நாளைக்கு அவர் வந்தா, அவர் கொண்டு வர்ற தண்ணியில ஒரு சிட்டிகை கல்லுப்பு போட்டுட்டு, அப்புறம் கரண்ட் வைக்கச் சொல்லு." அம்மா கேட்டுட்டாங்க. அவர் "அப்படிப் பண்ணா மெஷின் போயிரும்மா"ன்னு சொல்லி பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டார். (இதை வீட்ல யாரும் செஞ்சு பாக்காதீங்க. அதுல இருக்கிறது வீட்டுக் கரண்ட், 230 வோல்ட்.)

எனக்கு ஒரே பெருமை. அடுத்த தடவை ஊருக்குப் போறப்போ பேனா மாதிரி இருக்கிற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கிட்டுப் போனேன். ஆத்துத் தண்ணி 110. போர் தண்ணி 870. இந்திய குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500 சொல்ற ஏற்கத்தக்க அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேற வழியே இல்லாத இடத்துல 2000 வரைக்கும் அனுமதி. 2019-ல தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும், டிடிஎஸ் 500-க்குக் கீழ இருக்கிற இடங்கள்ல ஆர்ஓவைத் தடை செய்ய விதிமுறை கொண்டு வாங்கன்னு மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்துக்கு உத்தரவு போட்டிருந்தது. அதனால நானே வீட்ல தீர்ப்பு சொல்லிட்டேன். "ஆத்துத் தண்ணி சூப்பர். மெஷின் தேவையில்லை."

மெஷின் தேவையில்லைங்கிறது சரிதான். ஆனா அன்னைக்கு வீட்ல எல்லார் மனசுலயும் நான் இன்னொண்ணையும் சேர்த்துப் பதிச்சுட்டேன்: நம்பர் கம்மியா இருந்தா நல்ல தண்ணி. இது தப்பு.

பேனா எதை அளக்குது?

முதல்ல அலகு. லிட்டருக்கு ஒரு மில்லிகிராம்னா, தண்ணியைப் பொறுத்தவரை அதுதான் கிட்டத்தட்ட ஒரு பிபிஎம். பத்து லட்சத்துல ஒரு பங்கு. ஆயிரம் லிட்டர் சின்டெக்ஸ் டேங்க்ல ஒரே ஒரு கிராம் உப்பைக் கரைச்சா 1 பிபிஎம்.

டிடிஎஸ்னா மொத்தக் கரைந்த திடப்பொருள். இதை முறைப்படி அளக்கணும்னா தண்ணியை வடிகட்டி, சுண்டக் காய்ச்சி, மிஞ்சினதைத் தராசுல வைக்கணும். பேனா அதைச் செய்யறது இல்லை. அது கரண்ட் எவ்வளவு சுலபமாப் பாயுதுன்னு மட்டும் பாக்குது. அந்த மின்கடத்துத்திறனை 0.5-ல இருந்து 0.7-க்குள்ள ஏதோ ஒரு எண்ணால பெருக்கி திரையில காட்டுது. எந்த எண்ணால பெருக்குதுன்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதனாலதான் ஒரே தண்ணியை ரெண்டு பேனா ரெண்டு மாதிரி சொல்லும்.

நீங்களே ஒண்ணு செஞ்சு பாருங்க, இதுல ஆபத்து எதுவும் இல்லை. ஒரு டம்ளர் தண்ணியில ரெண்டு ஸ்பூன் சர்க்கரையைப் போட்டுக் கலக்கி பேனாவை வைங்க. நம்பர் ஏறவே ஏறாது. சர்க்கரை கரையும், ஆனா அயனியாப் பிரியாது. கரண்டைக் கடத்தாது. டம்ளர்ல நாப்பதாயிரம், அம்பதாயிரம் பிபிஎம் சர்க்கரை இருக்கும்; பேனா ஒண்ணுமே இல்லைன்னு சொல்லும்.

மென்பொருள் வேலையில இருக்கிறவங்களுக்கு இது புதுசு இல்லை. டேஷ்போர்டுல சிபியு 20 சதவீதம், எல்லாம் பச்சை. ஆனா யாராலயும் லாகின் பண்ண முடியலை. டேஷ்போர்டு பொய் சொல்லலை. நாம கேட்ட கேள்வி வேற, அது பதில் சொன்ன கேள்வி வேற.

உப்பளத்துல மாமா சொன்ன டிகிரி

எங்க தாய்மாமா ஒருத்தர் தூத்துக்குடி பக்கம் உப்பளத்துல கணக்குப்பிள்ளையா இருந்தார். குஜராத்துக்கு அடுத்து நாட்டுல அதிக உப்பு விளையறது நம்ம பக்கம்தான். சின்ன வயசுல லீவுக்குப் போறப்போ பாத்திருக்கேன். பாத்தித் தண்ணியை ஒரு நீளக் குடுவையில மொண்டு, அதுல கண்ணாடிக் குழாய் ஒண்ணை மிதக்க விடுவார். எந்தக் கோடு வரைக்கும் முங்குதோ அதுதான் "டிகிரி".

அந்த டிகிரிக்குப் பேர் போமே. 1768-ல அந்த்வான் போமேன்னு ஒரு பிரெஞ்சு மருந்தாளர் உருவாக்கின அளவு. அவர் வச்ச கணக்கு ரொம்ப எளிமை. சுத்தத் தண்ணியில முங்குற இடம் 0. எடையில 15 சதவீதம் உப்பு கரைச்ச தண்ணியில முங்குற இடம் 15. நடுவுல சமமாப் பிரிச்சுட்டார். அதனால வெறும் உப்புத் தண்ணியா இருந்தா, டிகிரி கிட்டத்தட்ட நேரடியா உப்போட சதவீதம்.

கடல் தண்ணி மூணு, மூணரை டிகிரி இருக்கும். வெயில்ல காய்ஞ்சு காய்ஞ்சு ஏறும். பதிமூணு, பதினாறு டிகிரி வாக்கில ஜிப்சம் பிரிய ஆரம்பிக்கும். 25 கிட்ட வந்தாத்தான் நாம சாப்பிடுற உப்பு பூக்கும். 29, 30 ஆயிட்டா மிச்சத் தண்ணியை வெளியே வடிச்சு விட்டுடுவாங்க.

சின்னப் பையனா மாமாகிட்ட கேட்டிருக்கேன். "நம்பர் கூடக் கூட உப்பு கூடத்தானே மாமா செய்யும், ஏன் கீழ ஊத்துதீங்க?"

"ஏல, அது உப்பு இல்ல. நக்கிப் பாரு, கசக்கும்."

25-க்கு மேல சோடியம் குளோரைடு பாத்தியில படிஞ்சுக்கிட்டே இருக்கும். தண்ணியில மிஞ்சறது மெக்னீசியம் உப்புகள். குழாய் அடர்த்தியை மட்டும்தான் பாக்குது, அதனால அது 30-ன்னு காட்டும். அந்த 30 எதோட 30-ங்கிறது குழாய்க்குத் தெரியாது. மாமாவுக்குத் தெரியும். உப்பளத்துல எல்லாருக்கும் தெரியும்.

எனக்குத்தான் மறந்து போச்சு. இதுல ஒரு வேடிக்கை, பொறியியல் முதல் வருஷ கெமிஸ்ட்ரி லேப்ல நான் தண்ணியையே அளந்திருக்கேன். இடிடிஏ டைட்ரேஷன். ஸ்கூல் புத்தகத்துல "தரம் பார்த்தல்"னு இருக்குமே, அதேதான். செறிவு தெரிஞ்ச கரைசலை பியூரெட்ல எடுத்துக்கிட்டு, சொட்டுச் சொட்டா விட்டு, தண்ணி சிவப்பு ஒயின் நிறத்துல இருந்து நீலமா மாறுற இடத்துல நிறுத்தணும். எத்தனை மில்லி செலவாச்சோ அதை வச்சு கால்சியம், மெக்னீசியம் எவ்வளவுன்னு கணக்குப் போடலாம். பேனா மாதிரி இல்லாம, "எது"ங்கிறதைத் தேடிப் பிடிச்சு அளக்கிற முறை. எனக்கு முதல் தடவை 18.4 வந்தது, ரெண்டாவது தடவை 19.1. நோட்ல ரெண்டையும் 18.4-ன்னு எழுதிட்டு கேன்டீனுக்குப் போயிட்டேன். மார்க் வந்தது. பாடம் வரலை.

டிசம்பர் 2023

இப்போ அந்தத் தப்புக்கு வர்றேன்.

2023 டிசம்பர் 17, 18. நெல்லைக்காரங்க, தூத்துக்குடிக்காரங்க யாரும் அந்த ரெண்டு நாளை மறக்க மாட்டாங்க. காயல்பட்டினத்துல மட்டும் 24 மணி நேரத்துல 95 சென்டிமீட்டர் மழை. ஸ்ரீவைகுண்டத்துல ரயில் நின்னு நூத்துக்கணக்கான பேர் மாட்டிக்கிட்டாங்க. எங்க தெருவுக்குள்ள ஆறு வந்துட்டு. வீட்டுக்குள்ள முழங்கால் வரைக்கும் தண்ணி. ரெண்டு நாள் அம்மாவுக்கு போன் போகவே இல்லை.

நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தப்போ தண்ணி வடிஞ்சிருந்தது. சம்ப் மூடி வெள்ளத்துக்குள்ள கிடந்திருக்கு. அஞ்சாயிரம் லிட்டர் சம்ப். மோட்டார் வச்சு இறைச்சோம், ஒருதடவை தேய்ச்சுக் கழுவினோம். குழாயில தண்ணி வந்ததும் நிரப்பினோம். தெளிவாத்தான் இருந்தது. பேனாவை எடுத்து முக்கினேன். 140.

அம்மா "காய்ச்சிக் குடிப்போமே"ன்னு சொன்னாங்க. சிலிண்டர் தீரப்போற நேரம், அடுத்தது எப்போ வரும்னு தெரியாது. "140-தாம்மா. அன்னைக்கு 110, இன்னைக்கு 140. என்ன பெரிய வித்தியாசம்?"னு சொன்னது நான். நாங்க மத்தவங்க நிவாரணத்துல வந்த பாட்டில் தண்ணியைக் குடிச்சோம். ஆச்சிக்கு வயசு 78. பாட்டில் தண்ணி அவங்களுக்கு ஆகாது. "சவம், மருந்து மாதில்லா இருக்கு. எனக்கு நம்ம தண்ணிதான்"னு சொல்லி சம்ப் தண்ணியைக் குடிச்சாங்க. பேரன் சொல்லிட்டானே.

மூணாவது நாள் ராத்திரி வயித்தால போக ஆரம்பிச்சது. கூடவே வாந்தி. காலையில கண்ணு உள்ள போயிட்டு, நாக்கு வறண்டு, கூப்பிட்டா "ம்" மட்டும்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம்.

டாக்டர் கேட்டார். "என்ன தண்ணி குடிச்சாங்க?"

"வீட்டு சம்ப் தண்ணி சார். ஆனா டிடிஎஸ் செக் பண்ணிட்டேன். 140-தான்."

அவர் ட்ரிப்ஸ் போட்டுக்கிட்டே என்னைத் திரும்பிப் பாத்தார். "அதுல கிருமி தெரியுமா தம்பி?"

அந்தத் தண்ணிதான் காரணம்னு சொல்ல என்கிட்ட லேப் ரிப்போர்ட் எதுவும் இல்லை. ஆனா அந்த வாரம் எங்க வீட்ல காய்ச்சாத தண்ணியைக் குடிச்சது ஆச்சி மட்டும்தான்.

அன்னைக்கு ராத்திரி ஆஸ்பத்திரி வராண்டாவுல உக்காந்து ஒரு கணக்குப் போட்டுப் பாத்தேன். ஒரு பாக்டீரியாவோட எடை சுமார் ஒரு பிக்கோகிராம். கிராம்ல லட்சம் கோடியில ஒரு பங்கு. ஒரு லிட்டர் தண்ணியில பத்து லட்சம் பாக்டீரியா இருக்குன்னு வைங்க. மொத்த எடை 0.001 மில்லிகிராம். என் பேனா காட்டக்கூடிய மிகச் சின்ன மாற்றமே 1 மில்லிகிராம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். அதுவும் பாக்டீரியா, உப்பு மாதிரி கரைஞ்சு பிரியற பொருளும் இல்லை. ஐஎஸ் 10500 என்ன சொல்லுதுன்னா, 100 மில்லி குடிநீர்ல ஈ.கோலை ஒண்ணுகூட இருக்கக் கூடாது. அந்த விதியை சோதிக்க பேனாவால முடியவே முடியாது.

மஞ்சள் நிறம் சொன்ன அளவு

ரெண்டு நாள் கழிச்சு தெருவுக்கு சுகாதாரப் பணியாளர் ஒரு அக்கா வந்தாங்க. சம்ப் தண்ணியை சின்னக் கண்ணாடிக் குழாயில எடுத்து, ரெண்டு மூணு சொட்டு மருந்து விட்டாங்க. நிறம் மாறவே இல்லை. "குளோரினே இல்லையேப்பா"ன்னு சொல்லி பிளீச்சிங் பவுடர் கரைச்சு ஊத்தினாங்க. ஒரு மணி நேரம் கழிச்சு திரும்ப வந்து அதே சொட்டு. இப்போ மஞ்சள். கையில இருந்த பெட்டியில நிற வில்லைகளோட ஒப்பிட்டுப் பாத்துட்டு "இப்போ சரி"ன்னாங்க. நிறம் எவ்வளவு அடர்த்தியோ குளோரின் அவ்வளவு. இதுவும் செறிவை அளக்கிறதுதான். ஆனா இது சரியான கேள்வியைக் கேட்ட அளவு.

குழாய்த் தண்ணியில மிச்சம் இருக்க வேண்டிய குளோரின் குறைஞ்சது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம். நம்ம அஞ்சாயிரம் லிட்டர் சம்புக்கு மொத்தமே ஒரு கிராம். 140 காட்டுற பேனா இதை எப்படிக் கண்டுபிடிக்கும்?

"மிச்சம்"ங்கிற வார்த்தை முக்கியம். தெளிஞ்ச தண்ணிக்கு ஆயிரம் லிட்டருக்கு சுமார் 2.5 கிராம் நல்ல பிளீச்சிங் பவுடர்ங்கிறது பொது சுகாதாரப் பாடத்துல வர்ற கணக்கு. அதுல மூணுல ஒரு பங்குதான் குளோரின், அதாவது லிட்டருக்கு 0.8 மில்லிகிராம் வாக்கில விழும். தண்ணியில இருக்கிற அழுக்கும் கிருமியும் அதுல ஒரு பகுதியைத் தின்னுடும். திறந்து வச்ச பழைய பவுடர்னா வீரியமும் குறைஞ்சிருக்கும். அதனால எவ்வளவு போட்டோம்ங்கிறது போதாது. ஒரு மணி நேரம் கழிச்சு எவ்வளவு மிஞ்சியிருக்குன்னு பாக்கணும். அந்த அக்கா திரும்ப வந்தது அதுக்குத்தான்.

பேனாவுக்குப் பிடிக்காத தண்ணி

ஆச்சி மூணாவது நாள் எழுந்து உக்காந்தாங்க. அப்போ நர்ஸ் ஓஆர்எஸ் பாக்கெட் கொடுத்துட்டு ஒண்ணைத் திரும்பத் திரும்பச் சொன்னாங்க. "ஒரு பாக்கெட், ஒரு லிட்டர். டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமாப் பிரிச்சுப் போடாதீங்க."

காரணம் இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தோட கலவையில ஒரு லிட்டருக்கு உப்பு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சோடியம் சிட்ரேட் 2.9. குடல்ல குளுக்கோஸும் சோடியமும் கைகோர்த்து உள்ள போறப்போ தண்ணியையும் கூட இழுத்துட்டுப் போகும். செறிவு கூடிப்போனா தலைகீழா, உடம்புத் தண்ணி குடலுக்கு வந்துடும். குறைஞ்சா போதாது. 1971-ல வங்கதேச அகதிகள் வந்த போங்கான் முகாம்ல காலரா பரவினப்போ, டாக்டர் திலீப் மஹலனாபிஸ் ட்ரிப்ஸ் பாட்டில் பத்தாம இந்தக் கரைசலை டிரம்ல கலக்கிக் குடிக்கக் கொடுத்துத்தான் ஏகப்பட்ட உயிரைக் காப்பாத்தினார். அதுக்கப்புறமும் ஆராய்ச்சி நிக்கலை. 2002-ல செறிவை இன்னும் குறைச்சாங்க, லிட்டருக்கு 311 மில்லி ஆஸ்மோல்ல இருந்து 245-க்கு. வாந்தியும் பேதியும் அதுல குறைஞ்சது.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சிக்குக் கலக்கின ஓஆர்எஸ்ல மிஞ்சினதுல பேனாவை வச்சுப் பாத்தேன். நாலாயிரத்துச் சொச்சம். பேனாவோட கூட வந்த அட்டையில அந்த அளவுக்கு நேரே சிவப்புல "குடிக்கத் தகுதியற்றது"ன்னு போட்டிருந்தது. ஆச்சியைப் படுக்க வச்ச தண்ணிக்கு அதே அட்டையில பச்சை.

சரி, உங்க கேள்விக்கு வர்றேன். "40 நல்லதா?" அந்த நம்பர் உப்பு குறைவா இருக்குன்னு மட்டும் சொல்லுது. போர் தண்ணி உப்பா இருக்கான்னு தெரிஞ்சுக்க, ஆர்ஓ மெம்பரேன் இன்னும் வேலை செய்யுதான்னு பாக்க பேனா நல்ல கருவி. என்கிட்ட இன்னமும் இருக்கு. ஃபுளோரைடு, நைட்ரேட், கடினத்தன்மை தனித்தனியாத் தெரியணும்னா தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தோட ஆய்வகத்துல கட்டணம் கட்டி மாதிரி கொடுக்கலாம். வெள்ளத்துக்கு அப்புறம், சம்ப் கழுவினதுக்கு அப்புறம், குழாய் உடைஞ்சு ஒட்டினதுக்கு அப்புறம், பேனாவை மேசைக்குள்ள வச்சுட்டு குளோரினைப் பாருங்க. அதுக்கு வழி இல்லைன்னா நல்லாக் கொதிக்க வச்சுக் குடிங்க. சிலிண்டர் தீர்ந்தா தீரட்டும்.

ஆச்சி இப்போ நல்லா இருக்காங்க. நான் ஊருக்குப் போனா செம்புல தண்ணியைக் கையில வச்சுக்கிட்டு, "ஏல, உன் பேனாவ எடுத்துட்டு வா, குடிக்கலாமான்னு கேப்போம்"னு வாசல்லயே ஆரம்பிச்சுடுவாங்க. அம்மா உள்ள இருந்து, "காய்ச்சி ஆற வச்சதுதான் அத்தை, குடிங்க"ன்னு குரல் கொடுப்பாங்க.

அடுத்த எபிசோடுல, வீட்டு சம்பை முறையா எப்படிக் கழுவுறது, அதுக்கு பிளீச்சிங் பவுடர் கணக்கு எப்படிப் போடுறதுன்னு படிப்படியாப் பேசலாம். உங்க வீட்டு சம்ப் எத்தனை லிட்டர்னு மட்டும் அதுக்குள்ள அளந்து வச்சுக்கோங்க. பாப்போம் மக்களே.